லினக்ஸும் கணினி விளையாட்டும்: ஒரு மாற்றத்தின் பூர்வோத்தரம்

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியன்று, பத்தாண்டுக் காலம் உலகத்து வீட்டுக் கணினிகளில் மிகப் பலவற்றை இயக்கிவந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அதன் வாரிசாகிய விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டுமென்றும், இன்டெல் பிராசஸராயின் அது எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிற்பட்டதையோ சேர்ந்ததாயிருக்க வேண்டுமென்றும் நிபந்தனை விதிப்பதால், குறையேதுமின்றி ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ இயந்திரங்கள் கைவிடப்பட்ட நிலைக்கு வந்தன. அவற்றின் சொந்தக்காரர்களுள், எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் மட்டுமே கணினியை வைத்திருப்பவர் லினக்ஸ் என்னும் இயங்குதளத்துக்கு மாறுவதில் பெரிய சிரமம் ஒன்றுமில்லை. அது பல்லாண்டுகளாகவே தெரிந்த விஷயம். ஆனால் கணினியில் விளையாடுகிறவர், தாம் விலைகொடுத்து வாங்கிச் சேர்த்த விளையாட்டுகளைக் கைவிடாமல் விண்டோஸை மட்டும் கைவிட முடியுமா என்று கேட்பாராயின், அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிட இயலாது.

இக்கேள்வி புதியதன்று, முப்பதாண்டுகளாகக் கேட்கப்பட்டு வருவது. அக்காலத்தின் பெரும்பகுதியில் அது இயந்திரத்தின் திறமையைப் பற்றிய கேள்வியாக இருந்தது: விண்டோஸுக்கென எழுதப்பட்ட ஒரு விளையாட்டை வேறோர் இயங்குதளத்தில் ஓட்டுவது சாத்தியமா என்பதே விவாதம். அந்தப் பிரச்சினை, என் அபிப்பிராயத்தில், ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. இன்று எஞ்சியிருப்பது, கணினியின்மீது இறுதி அதிகாரம் அதன் சொந்தக்காரருக்கா, விளையாட்டை விற்ற நிறுவனத்துக்கா என்னும் விவகாரம். அது பொறியியல் நிபுணர்களின் சாமர்த்தியத்தால் மட்டும் தீரக்கூடியதாகத் தோன்றவில்லை. எவ்வாறு இந்த நிலைக்கு வந்தோம் என்பதை முதலிலிருந்து நோக்குவோம்.

லினக்ஸில் விளையாட்டுகள் ஓடாதிருந்தமைக்கு லினக்ஸின் பலவீனமே காரணம் என்று கருதுவோர் உண்டு. 1991-இல் ஹெல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த கர்னல், அதாவது வன்பொருளை நேரே ஆளும் இயங்குதளத்தின் உட்கரு, இன்று உலகத்தின் பெரும்பாலான சர்வர்களையும், ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அனைத்தையும், தலைசிறந்த ஐந்நூறு சூப்பர் கம்ப்யூட்டர்களையும் இயக்குகிறது என்பதை நினைத்தால் அந்தக் கருத்து நிலைக்காது. உண்மையான காரணம் வேறு. எந்த விளையாட்டும் தானாக ஒரு கோட்டைக்கூடத் திரையில் வரைந்துகொள்வதில்லை; இந்த உருவத்தை இந்த நிறத்தில் இந்த இடத்தில் வரைக, இந்த ஒலியை எழுப்புக, இந்த விசை அழுத்தப்பட்டதா என்று பார்த்துச் சொல்க என ஒவ்வொரு கணமும் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை அது இயங்குதளத்தினிடம் சமர்ப்பித்துக்கொண்டே இருக்கிறது. அந்த விண்ணப்பங்களை எழுதும் முறையாக 1992-இல் சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஓபன்ஜிஎல் எல்லா இயங்குதளங்களுக்கும் பொதுவாக இருந்தது. ஆனால் 1995-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் விண்டோஸுக்கே பிரத்தியேகமானது. விளையாட்டு எழுதுவோர் நாளடைவில் பின்னதையே கைக்கொண்டமையால், விண்டோஸ் இல்லாத இடத்தில் அவர்களுடைய படைப்புகள் பேசுவதைக் கேட்டு உணர்ந்துகொள்வார் ஒருவரும் இல்லாமற் போயிற்று.

இது தவிர்க்க முடியாத விதி என்று சொல்வதற்கில்லை. ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தின் புகழ்பெற்ற டூம் விளையாட்டு 1994-லேயே லினக்ஸில் ஓடியது. அதை லினக்ஸுக்குக் கொண்டுவந்தவர் அந்நிறுவனத்தில் பணியாற்றிய டேவ் டெய்லர். அதே டூமை விண்டோஸ் 95-க்குக் கொண்டுவரும் வேலையை மைக்ரோசாப்டில் தலைமை தாங்கி நடத்தியவர் கேப் நியூவெல் என்பவர். பின்னாளில் லினக்ஸ் விளையாட்டின் தலைவிதியை மாற்றப்போகிறவரும் அவரே. அதற்குப் பதினேழு ஆண்டுகள் கழியவேண்டியிருந்தது.

இடைப்பட்ட காலத்தில் செய்யப்பட்ட நேர்மையான முயற்சி ஒன்றை இங்கே மரியாதையுடன் குறிப்பிட வேண்டும். 1998-இல் கலிபோர்னியாவில் ஸ்காட் டிரேக்கர் தொடங்கிய லோகி சாஃப்ட்வேர் என்னும் சிறு ஸ்தாபனம், விண்டோஸ் விளையாட்டுகளின் மூல நிரலை உரிமையாளர்களிடமிருந்து முறைப்படி பெற்று, அதை லினக்ஸுக்கென்று திருத்தி எழுதி, பெட்டியிலிட்டுக் கடைகளில் விற்றது. சிவிலிசேஷன்: கால் டு பவர், ரெயில்ரோடு டைக்கூன் 2, குவேக் 3 அரீனா முதலியன அவ்வாறு வந்தன. வேலையின் தரத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் விண்டோஸ் பதிப்பு வெளியாகிப் பல மாதங்கள் கழித்தே லினக்ஸ் பதிப்பு வரும். அதற்குள் ஆவலுள்ளவர்கள் தம் கணினியில் விண்டோஸையும் வைத்துக்கொண்டு விளையாடி முடித்திருப்பார்கள். வாங்குவோர் குறைவாயிருந்தமையால் நிறுவனம் கடனில் ஆழ்ந்து, 2002 ஜனவரியில் மூடப்பட்டது. விளையாடுவோர் இல்லாததால் விளையாட்டுகள் வாரா, விளையாட்டுகள் வாராததால் விளையாடுவோர் சேரார் என்னும் அந்தச் சுழலை உழைப்பினாலும் நாணயத்தினாலும் மட்டும் உடைக்க முடியவில்லை. எனினும் லோகியின் உழைப்பு வீண்போயிற்று என்று நான் எண்ணவில்லை. அங்கே பணியாற்றிய சாம் லான்டிங்கா உருவாக்கிய எஸ்டிஎல் என்னும் பொதுக் கருவித்தொகுதி நிறுவனத்துக்குப் பின்னும் வாழ்ந்து, இன்று எண்ணற்ற விளையாட்டுகளின் அடித்தளமாக விளங்குகிறது.

லோகி சென்ற பாதைக்கு நேர்மாறான பாதையில் ஒயின் என்னும் திட்டம் 1993 முதல் சென்றுகொண்டிருந்தது. விளையாட்டை லினக்ஸுக்காகத் திருத்துவதை விட்டு, விண்டோஸ் தன் மென்பொருள்களுக்கு அளிக்கும் சேவைகள் ஒவ்வொன்றையும் லினக்ஸில் புதிதாக எழுதிவிடுவது, அதாவது நிரலை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல், அது எதிர்பார்க்கும் விடைகளை எதிர்பார்க்கும் வடிவில் அளித்துவிடுவது என்பதே அதன் உபாயம். 1994 முதல் அலெக்ஸாந்தர் ஜூலியார் அதைத் தலைமை தாங்கி நடத்திவருகிறார். விண்டோஸின் மூல நிரலைக் கண்ணாலும் பாராமல், வெளியிலிருந்து அதன் நடத்தையைப் பரிசோதித்துப் பரிசோதித்து, ஆவணங்களில் சொல்லப்படாத பழக்கங்களையும், பிழைகளையுங்கூட அப்படியே திரும்பப் படைக்க வேண்டியிருந்தமையால், 1.0 என்று பெயரிட்டு வெளியிடும் தகுதி தமக்கு வந்துவிட்டதாக அதன் ஆசிரியர்கள் கருதுவதற்குப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. 2008 ஜூனில்தான் அந்தப் பதிப்பு வந்தது. ஒரு தலைமுறை வளர்ந்து பெரியதாகும் காலம் முழுவதும், பெரும் லாபம் எதையும் எதிர்பாராமல், பெரும்பாலும் பரிகாசத்தையே பெற்றுக்கொண்டு, ஒரே காரியத்தில் நிலைத்து நின்ற அந்தச் சிறு கூட்டத்தாரின் பொறுமையை நான் வியந்து போற்றுகிறேன். 2002-இல் அவர்கள் செய்த ஒரு முடிவும் கவனிக்கத்தக்கது. அதுவரை எவரும் எடுத்து மூடி வைத்துக்கொள்ளக்கூடிய உரிமத்தில் இருந்த ஒயினை, திருத்தம் செய்து விநியோகிப்போர் அத்திருத்தத்தின் மூல நிரலையும் வெளியிட வேண்டுமென்று விதிக்கும் எல்ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றினார்கள். அம்முடிவின் முழுப் பயனும் பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னரே தெரிந்தது.

2012-இல் நிலைமை எதிர்பாராத திசையில் திரும்பியது. மைக்ரோசாப்டில் பதின்மூன்று ஆண்டுகள் பணியாற்றி விலகி, 1996-இல் வால்வ் நிறுவனத்தைத் தொடங்கி, 2003 முதல் ஸ்டீம் என்னும் விளையாட்டுக் கடையை நடத்திவந்த நியூவெல், அவ்வாண்டு ஜூலையில் விண்டோஸ் 8-ஐப் பெருங்கேடென்று வெளிப்படையாகக் கண்டித்தார். அப்பதிப்பில் மைக்ரோசாப்ட் தானே ஒரு கடையை இயங்குதளத்துக்குள் வைத்ததுதான் அவருடைய அச்சத்துக்குக் காரணம். பிறருடைய நிலத்தில் கடை போட்டிருப்பவனுக்கு நிலத்துக்காரன் போட்டிக் கடை திறந்தால் உண்டாகும் கலக்கம் அது. அடுத்த மாதமே வால்வ், தன் லெஃப்ட் 4 டெட் 2 விளையாட்டு ஒரே இயந்திரத்தில் விண்டோஸில் விநாடிக்கு 270.6 ஃப்ரேம்களும் லினக்ஸில் 315 ஃப்ரேம்களும் காட்டுவதாக வெளியிட்டது. (அந்தப் பரிசோதனையில் கற்ற பாடத்தைக் கொண்டு விண்டோஸ் பதிப்பையும் 300-க்கு மேல் உயர்த்த முடிந்தது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.) 2013 பிப்ரவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் வந்தது; 2015 நவம்பரில் லினக்ஸில் ஓடும் ஸ்டீம் மெஷின்கள் என்னும் விளையாட்டுப் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன; வந்து தோல்வியுற்றன. ஒவ்வொரு விளையாட்டையும் அதன் உரிமையாளரே லினக்ஸுக்கு எழுதித் தரவேண்டும் என்னும் நம்பிக்கையில் அந்தப் பெட்டிகள் கட்டப்பட்டிருந்தன. லோகியைக் கொன்ற சுழலே அவற்றையும் விழுங்கியது.

அடுத்த முயற்சி வெற்றியடைந்தமைக்குக் காரணம் மூன்று நதிகள் ஒரே காலத்தில் கூடியதுதான். முதலாவது ஒயின். இரண்டாவது, 2016 பிப்ரவரியில் குரோனோஸ் கூட்டமைப்பு வெளியிட்ட வல்கன். ஓபன்ஜிஎல்லைப்போல் டிரைவரின் ஊகங்களுக்கு அதிகம் இடம்கொடாமல், கிராபிக்ஸ் சில்லை ஏறக்குறைய நேரடியாகவே ஆள்வதற்கு வழிசெய்யும் முறை அது. மூன்றாவது, பிலிப் ரீபோலே என்னும் ஜெர்மானிய இளைஞரின் ஆசை. நியர்: ஆட்டோமேட்டா என்னும் விளையாட்டை லினக்ஸில் விளையாட வேண்டுமென்று விரும்பிய அவர், டைரக்ட்எக்ஸ் 11-இல் வரும் விண்ணப்பங்களை வல்கனாக மாற்றிக் கொடுக்கும் டிஎக்ஸ்விகே என்னும் மென்பொருளைத் தாமாகவே எழுதத் தொடங்கினார். வால்வ் 2018-இல் அவரைப் பணிக்கு அமர்த்திக்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 21-ஆம் தேதி, ஒயினைத் தொழிலாகக் கொண்ட கோட்வீவர்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து, இவற்றையெல்லாம் ஒன்றாக்கிப் புரோட்டான் என்னும் பெயரில் ஸ்டீமுக்குள்ளேயே வைத்து வெளியிட்டது. தொடக்கத்தில் சரிபார்க்கப்பட்டவை 27 விளையாட்டுகளே. நியர்: ஆட்டோமேட்டா அவற்றுள் ஒன்று.

புரோட்டான் செய்யும் வேலை கும்பினிக் காலத்துச் சென்னைப் பட்டணத்தில் துபாஷிகள் செய்த வேலையை ஒத்தது: துரையும் வியாபாரியும் ஒருவர் மொழியை மற்றவர் அறியாமலே பேரத்தை முடிப்பதற்கு, இரு மொழியும் இரு சாராரின் வழக்கமும் அறிந்த ஒருவர் நடுவில் நின்றால் போதும். ஆயினும் பேரத்துக்கு ஒரு நாழிகை அவகாசம் உண்டு. விளையாட்டுக்கோ விநாடிக்கு அறுபது முறை, நூறு முறை இது நிகழ்ந்தாக வேண்டும். அதனாலேயே நுட்பமான பல சிக்கல்கள் தோன்றின. ஒரு விளையாட்டினுள் ஒரே சமயத்தில் ஓடும் பல இழைகள் ஒன்றுக்கொன்று காத்து நிற்கும் முறை விண்டோஸில் ஒரு விதமாகவும் லினக்ஸில் வேறு விதமாகவும் இருந்தமையால் வேகம் குறைந்தது. அதற்காக லினக்ஸ் கர்னலிலேயே, 2022 ஜனவரியில் வந்த 5.16 பதிப்பில் ஒரு புதிய வசதியும், 2025 மார்ச்சில் வந்த 6.14 பதிப்பில் என்டிசின்க் என்னும் டிரைவரும் சேர்க்கப்பட்டன. விண்டோஸின் காத்திருப்பு முறையை அப்படியே பாவிப்பதற்கென்று லினக்ஸ் கர்னலில் ஓர் உறுப்பு இடம்பெற்றிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். இருபதாண்டுகளுக்கு முன் அவ்வாறு கேட்டிருந்தால் யாரும் செவிசாய்த்திருக்க மாட்டார்கள்.

மற்றொரு சிக்கல் ஷேடர்களைப் பற்றியது. ஒளியும் நிழலும் நீரும் புகையும் திரையில் எவ்வாறு தோன்ற வேண்டும் என்று கூறும் அச்சிறு நிரல்களை ஒவ்வொரு கிராபிக்ஸ் சில்லுக்கும் ஏற்றவாறு தொகுத்தாக வேண்டும்; விளையாட்டின் நடுவில் தொகுத்தால் காட்சி ஒரு கணம் திக்கி நிற்கும். இத்தொல்லை விண்டோஸிலும் உண்டு. 2022 பிப்ரவரியில் எல்டன் ரிங் வெளியானபோது விண்டோஸ் கணினிகளில் திக்குகிறதென்று உலகெங்கும் முறையீடு எழுந்தது. அதே வாரத்தில் வால்வின் பொறியாளர்கள் புரோட்டானில் செய்த திருத்தத்தால், ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவியில் அந்தத் திக்கல் பெருமளவு தணிந்தது. எழுதப்பட்ட இயங்குதளத்தைக் காட்டிலும் பெயர்த்துக்கொண்டுவந்த இயங்குதளத்தில் ஒரு விளையாட்டு ஒரு வகையில் மேலாக ஓடியது என்பது சாதாரணச் செய்தியன்று.

அந்த ஸ்டீம் டெக் 2022 பிப்ரவரி இறுதியில் வாங்கியவர் கைக்குச் சென்றது. ஆர்ச் லினக்ஸைத் தழுவிய ஸ்டீம்ஓஎஸ் அதில் ஓடுகிறது. வாங்கியவரில் பலருக்குத் தாம் லினக்ஸை உபயோகிக்கிறோம் என்னும் எண்ணமே இருந்திராது. 2025 மே மாதத்தில் லெனோவா நிறுவனத்தின் லீஜியன் கோ எஸ் கருவியும் அதே இயங்குதளத்துடன் வந்தபின், ஒரே வன்பொருளில் விண்டோஸையும் ஸ்டீம்ஓஎஸ்ஸையும் வைத்து ஒப்பிடும் வாய்ப்புக் கிடைத்தது. பல விளையாட்டுகளில் பின்னதே முந்தியது. ஸ்டீம் மாதந்தோறும் எடுக்கும் கணிப்பில் 2018-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நூற்றுக்கு ஒன்றையும் எட்டாதிருந்த லினக்ஸின் பங்கு, 2025 அக்டோபரில் முதன்முறையாக மூன்றைத் தாண்டியது. அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஸ்டீம்ஓஎஸ். மூன்று என்பது சிறிய எண் என்று தோன்றலாம். கோடிக்கணக்கானோர் உபயோகிக்கும் கடையில் அது ஒரு பெருநகரத்து ஜனத்தொகைக்குக் குறையாது.

ஆகவே, தனியாக அமர்ந்து கதையில் ஆழ்ந்து விளையாடுகிறவருக்கு இன்று லினக்ஸில் பெருங்குறை இல்லை என்று தயக்கமின்றிச் சொல்லலாம். அங்குமிங்கும் சிறு இடர்கள் உண்டு. டெனுவோ என்னும் காப்புமுறை பூண்ட விளையாட்டில், ஒரே நாளில் புரோட்டானின் பதிப்பைப் பலமுறை மாற்றிப் பார்த்தால், ஒவ்வொன்றையும் புதுக் கணினியென்று எண்ணி அது ஒரு நாள் பூட்டிக்கொள்ளும். மைக்ரோசாப்டின் கேம் பாஸ் சந்தாவில் வரும் விளையாட்டுகளை இணையவழி ஒளிபரப்பாக அன்றி லினக்ஸில் நிறுவி ஆட வழியில்லை. எபிக், ஜிஓஜி ஆகிய கடைகளில் வாங்கியவற்றுக்கு ஹீரோயிக், லூட்ரிஸ் முதலிய மென்பொருள்களின் துணை வேண்டும். இவை பொறுக்கத்தக்கவை.

பொறுக்கத்தகாதது பிறரோடு போட்டியிட்டு ஆடும் விளையாட்டுகளில் இருக்கிறது. ரயட் நிறுவனத்தின் வாலரன்ட், 2020-இல் வெளிவந்த நாள் முதலே வான்கார்ட் என்னும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளைக் கணினியின் கர்னலுக்குள் நுழைத்து, கணினி உயிர்பெறும் கணத்திலிருந்தே அதைக் காவலிருக்கச் செய்கிறது. பல்லாண்டுகள் ஒயினில் ஆடப்பட்டுவந்த லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கும் 2024 மே மாதத்தில் அதே காவல் வந்தது; லினக்ஸில் ஆடியவர்கள் அன்றோடு வெளியேற்றப்பட்டார்கள். 2024 செப்டம்பரில் ஜிடிஏ ஆன்லைனும், அக்டோபர் 31-ஆம் தேதி ஏபெக்ஸ் லெஜண்ட்ஸும் கதவைச் சாத்தின. 2025 அக்டோபரில் வந்த பேட்டில்ஃபீல்டு 6 தொடக்கத்திலிருந்தே சாத்தியிருக்கிறது. ஃபோர்ட்நைட் என்றும் திறந்ததில்லை. இவற்றில் தொழில்நுட்பத் தடை முழுமையானதன்று என்பதற்கு, ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்னும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்கள் 2021 செப்டம்பரிலேயே புரோட்டானுக்கு இடம் கொடுத்ததும், எல்டன் ரிங், டேஇஸட், மார்வெல் ரைவல்ஸ், ஹெல்டைவர்ஸ் 2 முதலியன அவ்வாறான காவல்களுடனேயே லினக்ஸில் நன்கு ஓடுவதும் சான்று. அனுமதிப்பதும் மறுப்பதும் வெளியிடுகிறவர் விருப்பம்.

அவர்கள் ஏன் மறுக்கிறார்கள் என்பதை நியாயமாக ஆராய வேண்டும். விண்டோஸில் கர்னலுக்குள் நுழையும் ஒவ்வொரு டிரைவரும் மைக்ரோசாப்டின் கையொப்பம் பெற்றாக வேண்டும். ஆதலால் அங்கே ஏமாற்றுகிறவனுக்கும் காவலனுக்கும் பொதுவான ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. லினக்ஸிலோ, கணினியின் சொந்தக்காரர் கர்னலையே தம் விருப்பம்போல் திருத்தித் தொகுத்துக்கொள்ளலாம். காவல் மென்பொருள் என்ன கேட்டாலும் அதற்குப் பொய்யான விடை அளிக்குமாறு செய்துகொள்ளலாம். எந்த உரிமைக்காக நாம் லினக்ஸை நேசிக்கிறோமோ, அந்த உரிமையே விளையாட்டு நிறுவனத்தின் கண்ணுக்கு அவநம்பிக்கையின் காரணமாகத் தெரிகிறது. இதற்குப் பரிகாரமாக, குறிப்பிட்ட நிறுவனம் கையொப்பமிட்ட கர்னல் மட்டுமே ஓடுகிறது என்று வன்பொருளைக் கொண்டே சாட்சி சொல்லச் செய்யும் முறை சாத்தியந்தான். அதை ஏற்றுக்கொண்டால், லினக்ஸ் என்னும் பெயர் எஞ்சும், அதன் உரிமை போய்விடும்.

ஏமாற்றுதலும் சிறிய தீங்கன்று. பல மாதங்கள் பயின்று திறமை சேர்த்த ஓர் இளைஞனை, சுவரை ஊடுருவிப் பார்க்கும் மென்பொருளை விலைக்கு வாங்கியவன் ஒரு விநாடியில் வீழ்த்திவிட்டால், அந்த ஆட்டத்தில் யாருக்கும் மகிழ்ச்சி இராது. வால்வின் கவுன்ட்டர்-ஸ்டிரைக் 2 லினக்ஸுக்கென்றே எழுதப்பட்டும், கர்னலுக்குள் புகாத காவலைக் கொண்டும் நடந்துவருகிறது; ஆனால் அங்கே ஏமாற்றுவோர் மிகுதி என்னும் முறையீடு ஓயவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வளவும் ஏற்றுக்கொண்ட பின்னும், பொழுதுபோக்குக்காக நிறுவிய ஒரு மென்பொருளுக்கு, வங்கிக் கணக்கும் குடும்பப் புகைப்படங்களும் உள்ள கணினியின் உச்ச அதிகாரத்தை எழுதிக்கொடுப்பது அளவுக்கு மீறிய விலை என்றே நான் துணிகிறேன். கர்னலில் அமர்ந்த மென்பொருள் தவறினால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 உலகுக்குக் காட்டிற்று: கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு பிழையான புதுப்பிப்பினால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் செயலற்று, விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் ஸ்தம்பித்தன. அதன்பின் மைக்ரோசாப்டே பாதுகாப்பு மென்பொருள்களைக் கர்னலுக்கு வெளியே கொண்டுவரும் வழிகளை ஆராயத் தொடங்கியது. விளையாட்டுக் காவலும் ஒருநாள் வெளியே வருமாயின், விவாதம் தானே தணியும்.

லினக்ஸ் பக்ஷத்தாரே எழுப்பும் வேறோர் ஆட்சேபம் உண்டு. விண்டோஸ் விளையாட்டுகள் இவ்வளவு எளிதாக ஓடத் தொடங்கிவிட்டால், லினக்ஸுக்கென்று எழுதுவோர் யார் இருப்பார்கள் என்று அவர்கள் வருந்துகிறார்கள். ராக்கெட் லீக் 2016 முதல் லினக்ஸுக்கென்று தந்துவந்த தனிப்பதிப்பை 2020 மார்ச்சில் நிறுத்திக்கொண்டபோது இவ்வருத்தம் வலுப்பெற்றது. ஆனால் அனுபவம் கூறுவது வேறு. இருபதாண்டுகளுக்கு முந்தைய விளையாட்டுகளின் லினக்ஸ் பதிப்புகள் பலவற்றை இன்றைய லினக்ஸில் ஓட்டுவது பெரும்பாடு; அவற்றின் விண்டோஸ் பதிப்புகளோ புரோட்டானில் எளிதாக ஓடுகின்றன. லினக்ஸ் உலகம் தன் பழைய நூலகங்களைத் தயக்கமின்றி மாற்றிக்கொண்டு செல்கிறது. விண்டோஸின் சேவைகள் பல தசாப்தங்களாக மாறாமல் நிற்கின்றன. 2022 ஆகஸ்டில் லினக்ஸின் அடிப்படை நூலகமாகிய ஜிலிப்சியில் நிகழ்ந்த ஒரு சிறு மாற்றத்தால் ஈஸி ஆன்டி-சீட் பூண்ட விளையாட்டுகள் நின்றுபோனதும், 32-பிட் நூலகங்களைக் கைவிட 2019-இல் உபுண்டுவும் 2025-இல் ஃபெடோராவும் எண்ணி, விளையாடுவோரின் எதிர்ப்பால் பின்வாங்கியதும் இதே பலவீனத்தின் அறிகுறிகள். விளையாட்டு ஒரு கலைப்படைப்பு. ஐம்பதாண்டுகளுக்குப் பின்னும் அது திறக்க வேண்டுமென்று விரும்புகிறவர், விண்டோஸ் வடிவமும் திறந்த உரிமம் பெற்ற ஒயினும் சேர்ந்த கூட்டையே நம்பலாம் என்பது என் முடிவு.

ஒரு தனியார் நிறுவனத்தின் ஆதிக்கத்திலிருந்து தப்பி மற்றொன்றின் நிழலில் ஒதுங்குவதா என்னும் கேள்வியும் நியாயமானது. வால்வ் ஒரு வியாபார நிறுவனமே. அதன் கடையில் நாம் வாங்குவது விளையாட்டையன்று, விளையாடும் அனுமதியை. ஆனால் அது பணம் கொடுத்து வளர்த்த நிரல்கள் அதன் பெட்டகத்துக்குள் இல்லை. ஒயினின் உரிமம் 2002-இல் மாற்றப்பட்டமையால் அதில் செய்யும் திருத்தங்கள் வெளியே வந்தாக வேண்டும். டிஎக்ஸ்விகேயும் திறந்த நிரலே. நாளை வால்வ் மனம் மாறினாலும், லோகிக்குப் பின் எஸ்டிஎல் நின்றதுபோல் இவை நிற்கும். இப்பொழுதே ஸ்டீமோடு சம்பந்தமில்லாமல் இவற்றை எடுத்தாளும் லினக்ஸ் பதிப்புகள் பல உள்ளன.

இனி, மாற விரும்புகிறவர் நடைமுறையில் கவனிக்க வேண்டியவை. ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டு உள்ளவருக்கு டிரைவர் லினக்ஸிலேயே அடங்கியிருக்கிறது. அவர் தனியாகச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. என்விடியா உள்ளவரின் துன்பம் 2024-க்குப் பிறகு மிகவும் குறைந்திருக்கிறது. ஆயினும் டைரக்ட்எக்ஸ் 12 விளையாட்டுகளில் விண்டோஸைவிட வேகம் குறைவதை அவர் எதிர்பார்க்க வேண்டும். பெரிய தொலைக்காட்சியில் ஆடுகிறவர் ஒன்றை அறிந்திருத்தல் நல்லது: எச்டிஎம்ஐ 2.1-க்கான திறந்த டிரைவரை 2024 பிப்ரவரியில் எச்டிஎம்ஐ கூட்டமைப்பு அனுமதிக்க மறுத்தது. டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பில் அத்தடை இல்லை. லினக்ஸ் பதிப்பைத் தேர்வதில் நாட்களை வீணாக்க வேண்டியதில்லை. ஏதேனும் கெட்டுவிட்டால் முந்தைய நிலைக்கே திரும்பும் வசதியுள்ள பாசைட் விளையாட்டையே நோக்கமாகக் கொண்டது. பழகிய விண்டோஸின் முகச்சாயலை விரும்புகிறவருக்கு மின்ட் ஏற்றது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்கில் இருக்கும் விளையாட்டுகளை அப்படியே லினக்ஸிலிருந்து ஆட முற்படுவது தொல்லைக்கு வித்து. லினக்ஸின் வடிவில் அமைத்த டிஸ்கில் அவற்றைப் புதிதாக இறக்கிக்கொள்வதே உத்தமம்.

வாலரன்டையோ பேட்டில்ஃபீல்டையோ விட்டுவிட மனமில்லாதவரை நான் குறைகூற மாட்டேன். நண்பர்கள் கூடும் இடம் எதுவோ அங்கேதான் மனிதன் போவான். அத்தகையவர் இரண்டு இயங்குதளங்களையும் வைத்துக்கொள்ளலாம்; ஆனால் அதிலும் அபாயம் உண்டு. 2024 ஆகஸ்டில் விண்டோஸின் ஒரு புதுப்பிப்பு அவ்வாறு இரண்டையும் வைத்திருந்த பலருடைய கணினிகளில் லினக்ஸைத் தொடங்கவொட்டாமல் செய்தது. தனியாக ஒரு சிறு எஸ்எஸ்டி வாங்கி, அதில் விண்டோஸையும் அந்த ஓரிரு விளையாட்டுகளையும் மட்டும் நிறுவி, கடிதங்கள், கணக்குகள், புகைப்படங்கள் யாவற்றையும் லினக்ஸ் டிஸ்கில் வைத்து, அந்த டிஸ்கைக் கடவுச்சொல் இன்றித் திறக்க முடியாதவாறு முழுவதும் என்கிரிப்ட் செய்துகொண்டால், விண்டோஸில் எந்தக் காவலன் எவ்வளவு ஆழத்தில் அமர்ந்திருந்தாலும் அவன் படிக்கக்கூடியது அந்த விளையாட்டுகளைத் தவிர வேறொன்றும் இராது.